மாத்திரை போட்டால் பால் கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாய்ப்பால் பற்றி எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: "இந்த மாத்திரை போடுகிறேன், பால் கொடுக்கலாமா?" ஒவ்வொன்றாகப் பதில் எழுதினால் முடியாது என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதல் பிரசவம், குழந்தைக்கு நாற்பது நாள். போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து பாரசிட்டமால் 650 போட்டேன். மருந்து வீரியம் பாலில் இறங்கிவிடும் என்று மாமியார் சொன்னதால் இரண்டு நாள் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுப் பவுடர் பால் கொடுத்தோம். இப்போது மார்பில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். பாலும் குறைந்துவிட்டது. செய்தது சரியா?
– வாசகி, திருமங்கலம்

கொட்டியிருக்க வேண்டியதே இல்லை. ஒரு துளிகூட.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் பையன் நாலு கிலோ இருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளைக்கு 600 மில்லி பால் குடிப்பான். நீங்கள் ஒரு 650 போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலில் மருந்து உச்சத்துக்கு வரும், அந்த உச்சமே லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான். பால் நாள் முழுக்க அந்த உச்சத்திலேயே நிற்கிறது என்று வைத்தாலும் (நிற்காது, இறங்கிவிடும்) குழந்தை வயிற்றுக்குப் போவது 9 மில்லிகிராம். இதே எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் சொட்டு மருந்தாக ஒரு வேளைக்கே 40 முதல் 60 மில்லிகிராம் எழுதுவார். அவர் கையால் எழுதிக் கொடுக்கும் மருந்தில் கால்பங்குகூட வராத அளவுக்குப் பயந்து இரண்டு நாள் பால் சாக்கடைக்குப் போயிருக்கிறது. (இரண்டு மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கே காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். அது வேறு விஷயம்.)

இன்னொன்று. பாலில் போன மருந்து அங்கேயே தங்கிக் கெட்டுப்போய்க் கிடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தாயின் ரத்தத்தில் மருந்து ஏறும்போது பாலிலும் ஏறும், ரத்தத்தில் இறங்கினால் பாலில் இருப்பதும் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும். பெரும்பாலான மருந்துகளுக்கு இதுதான் நடைமுறை. அதனால் பீச்சிக் கொட்டுவதால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடாது, நேரம் போனால்தான் போகும். உண்மையிலேயே சில மணி நேரம் பால் கொடுக்கக் கூடாத மருந்து என்றால், மார்பு கனத்து வலிக்காமலும் சுரப்பு குறையாமலும் இருப்பதற்காகப் பீச்சலாம். அவ்வளவுதான் அதன் பயன்.

இப்போது பையனைத் திரும்ப மார்புக்குக் கொண்டுவர வேண்டுமே. புட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்தினால் எடை குறைந்துவிடும், அதனால் கொஞ்ச நாளைக்குப் பாலாடையில் கொடுங்கள், பால் ஊற ஊறக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பசித்து வீறிட்டு அழும்போது மார்பில் வைத்தால் இன்னும் முரண்டு பிடிப்பான். அரைத் தூக்கத்தில் இருக்கும்போது, சட்டையில்லாமல் உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்து முயலுங்கள். அவன் சப்பச் சப்பத்தான் சுரக்கும், சப்பாத வேளையில் கையால் பீச்சி அதையே பாலாடையில் கொடுங்கள். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறானா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் வழிக்கு வராவிட்டால் நேரில் காட்டுங்கள்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பேரன் மேல் உள்ள அக்கறையில் சொன்னது. மேலே உள்ள கணக்கைப் படித்துக் காட்டுங்கள். அப்புறம், இப்யூபுரோஃபென் பாலில் இதைவிடவும் சொற்பமாகத்தான் போகும், அதுவும் சரிதான். காய்ச்சல் வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். நிமிசுலைடு வேண்டாம், 2011-லிருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டிலேயே தடை செய்த மருந்து, கைக்குழந்தைக்காரி அதைத் தேடிப் போய்ப் போட வேண்டிய அவசியம் என்ன?

எந்த மாத்திரை வாங்கினாலும் உள்ளே இருக்கும் தாளில் 'பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும்' என்று போட்டிருக்கிறது. டாக்டர் சாப்பிடலாம் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி (ஆசிரியை), கோவை

டாக்டரிடம் பால் கொடுப்பதைச் சொல்லி, குழந்தையின் வயதையும் சொல்லி, அதற்குப் பிறகு அவர் எழுதிக் கொடுத்திருந்தால் டாக்டரை நம்புங்கள். சொல்லாமலேயே வாங்கி வந்த சீட்டு என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

அந்தத் தாள் மருந்துக் கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அச்சடிப்பது. பால் கொடுக்கும் பெண்களை வைத்து அவர்கள் பெரும்பாலும் ஆய்வு செய்வதில்லை, செய்யாததால் 'வேண்டாம்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆபத்து என்று கண்டுபிடித்து எழுதியது கொஞ்சம், ஆராயாமல் எழுதியது அதிகம். மருத்துவர்கள் பார்ப்பது வேறு அளவுகோல்: தாய் எடுக்கும் மருந்தில், உடல் எடைக்கு எடை ஒப்பிட்டால், குழந்தைக்கு எத்தனை சதவீதம் போகிறது? பொதுவாகப் பத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்பார்கள். பெரும்பாலான மருந்துகள் அதற்குக் கீழேதான். இந்த விவரங்களை ஒவ்வொரு மருந்துக்கும் சேர்த்துவைத்திருக்கும் லாக்ட்மெட் என்ற தரவுத்தளத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் ஆசிரியை, உங்களுக்குச் சிரமமிருக்காது.

குழந்தையின் வயதை ஏன் சொல்லச் சொல்கிறேன் என்றால், பிறந்த சில வாரங்களுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றப் பழகியிருக்காது. தாய்ப்பால் வழியாக மருந்து போய்த் தொந்தரவு வந்ததாகப் பதிவான 100 குழந்தைகளின் விவரங்களை 2003-ல் தொகுத்துப் பார்த்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் இரண்டு மாதம் முடியாத குழந்தைகள். ஆறு மாதம் தாண்டியவை வெறும் நான்கு. அதனால் பத்து நாள் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இருமுறை யோசிக்கும் டாக்டர், சோறு சாப்பிட்டுக்கொண்டு நடுநடுவே பால் குடிக்கும் ஒரு வயசுப் பிள்ளைக்கு யோசிக்கவே மாட்டார்.

உண்மையிலேயே ஆகாத மருந்துகளும் உண்டு, அதை மழுப்பக் கூடாது. புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிரியக்க அயோடின், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெடினாயின், இவை வந்தால் தாய்ப்பாலை நிறுத்துவதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். மனநல மருந்துகளில் லித்தியம் எடுப்பவர்களும் அப்படித்தான், ரத்தப் பரிசோதனையோடு கண்காணிக்காமல் கொடுக்க முடியாது.

சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை மூன்று நாள் போட்டேன். சளி அப்படியே இருக்கிறது, பால்தான் குறைந்தது. என் பிரமையா?
– வாசகி, தாம்பரம்

பிரமை இல்லை. மூக்கடைப்பைத் திறக்க சூடோஎஃபிட்ரின் சேர்த்த மாத்திரைகள் உண்டு. எட்டுத் தாய்மாரிடம் சோதித்த ஓர் ஆய்வில் ஒரே ஒரு 60 மில்லிகிராம் மாத்திரைக்கே அன்றைய பால் 24 சதவீதம் குறைந்தது. குழந்தைக்கு விஷமாகும் என்பதல்ல இங்கே பிரச்சினை, சுரப்பே இறங்கிவிடும் என்பதுதான். நம் ஊர்ச் சளி மாத்திரைகளில் இப்போது அதிகம் இருப்பது ஃபினைல்எஃப்ரின். வாய்வழி சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறப்பதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. கூடவே அதே மாத்திரையில் தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமைன் இருக்கும், அளவு கூடினால் அதுவும் பாலைக் குறைக்கும், குழந்தையையும் மந்தமாக்கும். மூன்று மருந்தை ஒரே வில்லையில் அடைத்து விற்பதில் இதுதான் சிக்கல், உங்களுக்கு வேண்டியது ஒன்றாக இருந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்தே விழுங்க வேண்டும்.

ஆவி பிடியுங்கள், உப்புத் தண்ணீர்ச் சொட்டு மூக்கில் விடுங்கள். உடம்பு வலி, காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமால் தனியாக. தும்மல், மூக்கில் தண்ணீராகக் கொட்டுவது என்றால் செட்டிரிசின் அல்லது லோரடடின் கேட்டுப் போடலாம்.

இருமல் மருந்து வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். கோடீன் என்று இருந்தால் வாங்காதீர்கள். சிலருடைய உடம்பு கோடீனை மளமளவென்று மார்ஃபினாக மாற்றிவிடும். யாருக்கு அப்படி மாற்றும் என்று பார்த்தால் தெரியாது. அந்த மார்ஃபின் பாலில் போய்க் குழந்தைக்கு மூச்சு மட்டுப்படலாம். 2017-ல் அமெரிக்காவில் கோடீன், டிரமடால் இரண்டையுமே பாலூட்டும் தாய்மாருக்கு வேண்டாம் என்று எச்சரித்தார்கள். சிசேரியன் ஆனவர்கள் வலி மருந்துச் சீட்டில் டிரமடால் இருந்தால், 'பாரசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் போதாதா?' என்று தயங்காமல் கேளுங்கள். எந்த மருந்தாக இருந்தாலும் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், எழுப்பினாலும் பால் குடிக்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

என் மகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். ராத்திரி பகல் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தொடவே பயப்படுகிறாள். மனநல டாக்டர் செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பால் கொடுப்பதால் நாங்கள் வாங்கவில்லை. பேய் பிடித்திருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த மாத்திரையை வாங்கிக் கொடுங்கள். இன்றைக்கே.

பால் கொடுக்கும் பெண்ணுக்கு என்று யோசித்துத்தான் உங்கள் டாக்டர் செர்ட்ராலினைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மனச்சோர்வு மருந்துகளிலேயே பாலில் மிகக் குறைவாகப் போகிறவற்றில் ஒன்று அது. பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலானவர்களிடம் அளக்கவே முடியாத அளவு, அல்லது மிகச் சொற்பம். மருந்து கொடுக்காமல் விட்டால்தான் குழந்தைக்கு இழப்பு: பெற்றவள் தூக்க மாட்டாள், பேச மாட்டாள், பால் கொடுக்கவும் தெம்பிருக்காது. அவளுடைய உயிருக்கே ஆபத்து வரும் அளவுக்கு இது போவதுண்டு.

மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள், ராத்திரியில் ஒரு வேளையாவது பீச்சிய பாலை நீங்கள் கொடுத்துவிட்டு அவளை நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுங்கள். குணமான மாதிரி தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேச டெலி மானஸ் என்ற அரசு இலவச எண் இருக்கிறது: 14416. பேய் ஓட்டுவதற்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு வருஷத்துக்கு மாத்திரை வாங்கலாம்.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் தாய்மாருக்கும் இதையே சொல்கிறேன், பிள்ளைக்காக என்று மாத்திரையை நிறுத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும்? நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

தைராய்டு மாத்திரை தினமும் போடுகிறேன். தொடரலாமா?
– வாசகி, ஓசூர்

தாராளமாக. தைராக்ஸின் உங்கள் உடம்பில் இயல்பாக இருக்க வேண்டிய ஹார்மோன், குறைவதை ஈடுகட்டுகிறீர்கள். கர்ப்பத்தில் அளவைக் கூட்டியிருப்பார்கள், பிரசவத்துக்குப் பிறகு பழைய அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும், ஆறாவது வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்து அதற்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை என்று யாராவது சொன்னால் மட்டும், பால் கொடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பல வாரம் முன்பே பாலை நிறுத்தியாக வேண்டும், அந்தக் குழந்தைக்குத் திரும்பக் கொடுக்கவும் முடியாது. சாதா எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, அதற்குப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி எதற்கும் நிறுத்தத் தேவையில்லை.

அயோடின் பேச்சு வந்ததால் ஒன்று: தையல் புண்ணுக்குத் தடவும் போவிடோன் அயோடின் களிம்பைப் பெரிய இடத்தில், நாள்கணக்கில் பூசாதீர்கள். அயோடின் பாலில் சேர்ந்து குவியும், பச்சைக் குழந்தையின் தைராய்டைக் குழப்பும். மார்க்காம்பில் தடவவே கூடாது.

அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை சாப்பிட்டால் பால் வற்றிவிடுமாமே? கைக்குழந்தை இருக்கும்வரை தங்காது என்று அக்கா சொல்கிறாள்.
– பெயர் வேண்டாம், விழுப்புரம்

அக்கா சொல்வதில் பாதி சரி. குழந்தை ஆறு மாதத்துக்குள் இருந்து, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடித்து, உங்களுக்கு மாதவிலக்கும் திரும்ப வராமல் இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை (அரசு கொடுக்கும் மாலா-என் அந்த வகை) பாலைக் குறைக்கக்கூடும். முதல் ஆறு வாரம் கண்டிப்பாக வேண்டாம், ஆறு மாதம் வரைக்குமே தவிர்ப்பது நல்லது. அதற்குப் பதிலாக அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைப்பவை: ஆறு வாரம் முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி, 'சாயா' என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரை. சாயாவை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒருமுறை போட வேண்டும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, பாலைக் குறைக்காது. கிழமை மறக்காமல் இருப்பதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம்.

பிரசவ லேகியம் நாட்டு மருந்துதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் பக்கவிளைவு இல்லைதானே?
– வாசகர் (தாத்தா), தஞ்சாவூர்

வீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, கருப்பட்டி, நெய் போட்டுக் கிண்டியது என்றால் நெல்லிக்காய் அளவு சாப்பிடட்டும், அது கிட்டத்தட்டச் சாப்பாடுதான். பூண்டும் சுறாப்புட்டும் அப்படியே. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்த்தவை, பெயர் ஒட்டாத டப்பாவில் வருபவை வேண்டாம். 2004-ல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பாலில் போகும், குழந்தையின் மூளையைத் தொடும். மற்றபடி பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை முதலில் விடச் சொல்லுங்கள் ஐயா.

குழந்தைக்கு நாலு மாதம், கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. மினாக்சிடில் தடவலாமா?
– வாசகி, பெங்களூரு

வேண்டாம், அதற்கு அவசியமே இல்லை. கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் மூன்று நான்கு மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது, பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை முதல் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்குள் திரும்ப வளர்ந்துவிடும். தாய் மினாக்சிடில் தடவிக்கொண்டு பால் கொடுத்த ஒரு குழந்தைக்கு முகத்தில் முடி வளர்ந்ததாகவும் மருத்துவப் பதிவு உண்டு. ஹீமோகுளோபின் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போடச் சொல்லி அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை முழுதாகப் போட்டீர்களா, அல்லது டப்பா அலமாரியில் இருக்கிறதா?

மனைவிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம். மரத்துப்போகும் ஊசி போட்டால்?
– வாசகர், சேலம்

பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் கொடுக்கலாம். பின்னால் எழுதிக் கொடுக்கும் அமாக்சிசிலினும் சரிதான், குழந்தைக்கு இரண்டு நாள் வயிறு இளகலாம், வாயில் வெள்ளை படிகிறதா என்று பாருங்கள். மெட்ரோனிடசோல் சேர்த்திருந்தால் வழக்கமான அளவில் பயமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, அவர் நாற்காலியில் இருக்கும்போது பிள்ளையை வெளியே வைத்துச் சமாளிப்பது.

நேற்று சாயங்காலம் தெருநாய் காலில் கடித்துவிட்டது, ரத்தம் வந்தது. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். ஊசி போட்டால் பால் நிறுத்த வேண்டுமா என்று பயந்து இன்னும் போகவில்லை.
– மின்னஞ்சலில் ஒரு வாசகி

இதற்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். ரேபிஸ் தடுப்பூசிக்கும், ரத்தம் வந்த கடிக்குப் புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசிக்கும் பால் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வரிசையில் நிற்கும்போது அழுதால் அங்கேயே உட்கார்ந்து கொடுக்கலாம். சீட்டில் எழுதித் தரும் மீதித் தேதிகளையும் விடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.